பொத்தான் பற்றரி

சம்மாந்துறை ஆலையில்
கரண்ட் போய் வந்தால்
என் கம்பியூட்டருக்கு எல்லாம் மறந்துவிடும்.
கறுப்புத் திரையில்
இரண்டாயிரத்து மூன்று, ஜனவரி ஒன்று.

உள்ளே பொத்தான் அளவில் ஒரு பற்றரி
செத்துக் கிடக்கிறது.
முதலாளி நாளைக்கு வாங்குவார்;
அறுவடை தொடங்கியதிலிருந்து நாளைக்கு.

டிலீட்டைத் தட்டித் தட்டி
நீலத்துக்குள் நுழைகிறேன்.
வரிசையில் முதலாவதாக
இன்னும் ஃபுளொப்பியைத்தான் தேடுகிறது.
நான் வேலைக்கு வந்த ஆறு வருசத்தில்
அந்த வாய்க்குள் உமித்தூசு தவிர
ஒன்றும் போனதில்லை.
கீழே தள்ளுகிறேன்.
ஹாட் டிஸ்க் மேலே.
பிறகு ஆண்டு, மாதம்.
நாளுக்குச் சுவர்க் கலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தராசில் லொறி உறுமுகிறது,
பின்னால் இன்னும் நாலு.

உதுமாலெவ்வைக் காக்கா
யன்னலுக்குள் தலையை நீட்டி
போன கிழமை பில்லைக் காட்டுகிறார்.
அவசரத்தில் திருத்தாமல் நான் அடித்த
இரண்டாயிரத்து மூன்று.
"இந்தத் திகதியில எனக்குக் கடன் ஒண்டும் இல்ல புள்ள.
உரக்கடையில இதக் காட்டட்டா?"

அவர் சிரிக்கவில்லை.

எஃப் பத்து.
சேமிக்கவா என்று கேட்கிறது.
வை எழுத்தின் மேல்
விரல் கொஞ்சம் நிற்கிறது.
லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.

வை.