ஏனையவை

காலை ஆறரைக்கு
தாளவட்டுவான் சந்தியில் கதிரை போட்டு
என்னை இருத்திவிட்டுப் போனார்கள்.
மடியில் கந்தோர் படிவம்:
பஸ், லொறி, வான், கார், ஓட்டோ, மோட்டர் சைக்கிள்.
கடைசியில் ஒடுங்கிய நிரல் ஒன்று,
ஏனையவை.

அதற்குள்தான் ஆதம்பாவா வந்தார்,
கரியரில் மீன்பெட்டி, ஹாண்டிலில் தராசு.
அதற்குள்தான் தையல்கடை மசூறா,
அபாயா நுனி சங்கிலியில் சிக்காமல்
ஒரு கையால் ஒதுக்கியபடி.
மட்டப்பலகையை முதுகில் குறுக்கே கட்டிய
மேசன் கிருபைராசா,
ரியூசனுக்கு ஒரே சைக்கிளில் இரண்டு பெட்டைகள்,
நாலு மாடு.

எட்டு மணிக்கு நிரல் நிரம்பிற்று.
ஓரத்தில் கோடு போட்டேன்,
மறுகா தாளின் பின்பக்கத்தில்.
லொறிக்குப் பதினொரு கோடு,
அதற்கு மூன்று விரல் அகலத்தில் இடம்.

எட்டேகாலுக்கு பஸ் ஓரம் கட்டியது.
அதைச் சுற்றி வீதி நடுவுக்குக் கிறுகினாள் மசூறா.
பின்னால் லொறியின் பிரேக்.
அவள் இறங்கவில்லை.
ஒரு காலை ஊன்றி நின்றாள்,
பஸ் போனதும் போனாள்.
இதை எழுத
படிவத்தில் இடமே இல்லை.

"வெள்ளைக் கோடு ஒன்று அடிச்சு விடுவம்"
என்றார் பொறியியலாளர்.
கோட்டின் மேல் கார் நிற்கும், சேர்.
வத்தகப்பழம் குவிப்பார்கள்.
முழங்கால் உயரம் வேண்டாம்,
ஒரு சாண் கட்டுப் போதும்,
டயர் முட்டி யோசிக்கிற அளவு.

நூலில் ஒன்றரை மீற்றர் என்றிருந்தது.
நாடா கொண்டுபோய் மீன்பெட்டியை அளந்தேன்.
நூல் எழுதியவர்
ஆதம்பாவாவை முந்திப் பார்த்ததில்லை.
இரண்டு என்று திருத்தினேன்.
பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் பாதையை வளைத்தேன்,
மசூறா நடுவுக்கு வரத் தேவையில்லாமல்.

ஹாட்வெயார் றபாய்தீன் ஹாஜி
வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"கடைக்கு முன்னுக்கு கார் எங்க நிக்கிற, தங்கச்சி?"
ஒரு நாள் முழுக்க நீங்களே எண்ணுங்கள் என்றேன்.
எண்ணினார்.
அறுபத்திரண்டு பேர், ஐந்து கார்.
இன்னும் சம்மதிக்கவில்லை.
கட்டுக்கு வேண்டிய சீமெந்துக்கு
விலை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கோப்பு மேலே போயிருக்கிறது.
மேலே என்றால் எத்தனையாம் மாடி என்று
யாரும் சொல்வதில்லை.
மாரி வருமுன் எங்கள் கையால் முடிந்தது ஒன்றுதான்:
சந்தியின் வடிகான் மூடிகளை
கழற்றித் திருப்பிப் போட்டோம்.
கம்பி இடைவெளி வீதியோடு நீளாமல்
குறுக்கே கிடக்கும்படி.
பத்து மூடி, ஒரு பின்னேரம், இரண்டு தொழிலாளிகள்.

ஒருவரும் கவனிக்கவில்லை.
அடுத்த நாள் காலை
வழமையாய் இறங்கித் தள்ளும் இடத்தில்
ஆதம்பாவா இறங்கவில்லை.
தராசு ஒருமுறை கிலுங்கியது,
அவ்வளவுதான்.