பதினேழாவது கையெழுத்து

பெட்டிசத்தில் பதினேழாவது என்னுடையது.
பேனையில் மை தீர்ந்திருந்தது,
உதறி உதறித்தான் போட்டேன்.

"பொம்பளக் கங்காணிக்குக் கீழ வேல செய்ய ஏலாது."
எழுதித் தந்தவளும் பொம்பளைதான்,
பிள்ளைக்காம்பராவில் பால்மாக் கரைக்கிற ஞானப்பூ.
முத்து முத்தான எழுத்து அவளுக்கு.
துரை ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

மரகதவல்லி கங்காணியாக இருந்தது நாலு மாதம்.
அந்த நாலு மாதத்தில் அப்படி என்ன குற்றம் என்று
இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.
அன்றைக்கு நிறையச் சொன்னோம்.
சப்பாத்து போட்டாளாம்.
நேற்று வரைக்கும் நம்மோடு நிரை பிடித்தவளாம்.
பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகையில்
குரல் கொஞ்சம் உயர்ந்ததாம்.
பழனியாண்டிக் கங்காணி அதே பேர்களை
எங்கள் ஆத்தாமாரையும் சேர்த்துக் கூப்பிட்ட பதினோரு வருசமும்
"வந்துட்டேங்க" என்று சிரித்துக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

பிறகு பீலிக்கரைக் கதை.
பங்களாவுக்கு அவள் எந்த வழியால் போனாள்,
எத்தனை மணிக்குத் திரும்பினாள்.
தொடங்கி வைத்தவள் யாரென்று தெரியாது.
வாளி நிறையும் வரை நின்று கேட்டவள் நான்.
நிறைந்து வழிந்த பிறகும்.

கொழுந்து மடுவத்தில்
தராசுக்குக் கிட்டப் போய் முள்ளைப் பார்த்தவள் அவள்தான்.
சாக்குக்கு, ஈரத்துக்கு என்று
நாலு கிலோ வெட்டிய இடத்தில்
"ஒன்றரை போதுங்க ஐயா" என்றாள்.
கணக்கப்பிள்ளையின் பேனை அந்தரத்தில் நின்றது.
அன்றைக்கு எனக்கு இருபத்தொன்று விழுந்தது.
முழுப்பேர்.
முழுப்பேரையும் வாங்கிக்கொண்டு
லயத்துக்கு ஏறுகிற படியில் நான் சொன்னது:
"பெரிய இவ."

பழனியாண்டி திரும்பி வந்தாச்சு.
நாலு கிலோவும் கூடவே வந்தாச்சு.

மகள் ஹட்டனில் உயர்தரம் படிக்கிறாள்.
ஏதோ கட்டுரையாம். "ஏம்மா,
தோட்டத்துல பொம்பளைங்க மேல வர
ஆம்பளைங்க விடமாட்டாங்களா?"
அடுப்பில் ரொட்டி கருகுது என்று எழுந்து போனேன்.
ரொட்டி கருகவில்லை.

இன்றைக்கு ஏழாம் நம்பர் மலை.
பக்கத்து நிரை மரகதவல்லிக்கு.
மழை, அட்டை, வழுக்கும் சரிவு.
பகல் சங்கு ஊதும் வரை பேச்சில்லை.
அவள் கை என் கையைவிட வேகம்.
தன் நிரையை முடித்துவிட்டு
என் நிரையின் மேல்பாதியில் நுழைந்து
கீழே எடுத்துக்கொண்டு வந்தாள்.
எடுத்த கொழுந்தைத் தன் கூடையிலேயே போட்டாள்.
நியாயம்தானே.
நேருக்கு நேர் வந்தபோது
"கழுத்துல அட்டை" என்றாள், விலகிப் போனாள்.

பின்னேரம் தராசில் என் சாக்கு தொங்குகிறது.
என்னை அறியாமல் கிட்டப் போய்விட்டேன்.
முள் இருபத்திரண்டில் ஆடி நின்றது.
"பதினெட்டு," என்றார் கணக்கப்பிள்ளை.
அரைப்பேர்.

எனக்குப் பின்னால் வரிசையில் ஒருத்தி
முந்தானைக்குள் சிரித்தாள்:
"இவளுக்கும் சப்பாத்து கேக்குது போல."
யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.
அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்,
நாலு மாதம் என் வாயில் இருந்தது அது.

"முள்ளு இருபத்திரண்டுங்க," என்றேன்.

வரிசையில் மரகதவல்லி எத்தனையாவதாக நின்றாள் என்று
பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.