ஆம்

மூன்று வாரமாக ஒத்திகை.
சோதனைக் குழாய்களை ஓரமாய்த் தள்ளிவிட்டு
விஞ்ஞானகூட மேசைகளில் எங்கள் நீதிமன்றம்.
சாட்சிக் கூண்டில் நிரோஜன்,
வியர்வையில் கழன்று கழன்று விழும்
ஒட்டு மீசையோடு.

"கடைக்காரர் சொன்னார்,
சைக்கிளை இவன்தான் எடுத்தானாம்..."
ஃபர்ஹானா துள்ளி எழுவாள்:
"ஆட்சேபனை! செவிவழிச் சான்று."
எடுத்தான் வரைக்கும் ஒன்றுமில்லை.
வாலில் தொங்கும் அந்த 'ஆம்'
வழக்கையே கவிழ்த்துவிடும்.

என் முறை வந்தது.
"அன்றிரவு நல்ல நிலவு, இல்லையா?"
அதற்கும் எழுந்தாள்.
விடையைக் கேள்வியில் வைத்து ஊட்டக் கூடாதாம்.

ஆறு மணி, வெள்ளவத்தை,
பஸ்ஸுக்கு நிற்கிறேன். தூறல்.
பின்னால் ஒரு சத்தம்.
திரும்பினேன்.
கவிழ்ந்த ஆட்டோவின் சில்லு இன்னும் சுற்றியது.
மஞ்சள் கடவையில் ஒற்றைச் செருப்பு,
சின்னப் பிள்ளையின் அளவு.

சனம் அதற்குள் தீர்ப்பெழுதிவிட்டது:
வேன்காரன் குடிச்சிருந்தானாம்.
போன் கதைச்சுக்கொண்டு வந்தானாம்.
சிவப்பு விளக்காம்.

கான்ஸ்டபிள் என் வெள்ளைச் சீருடையைக் கண்டு வந்தார்,
குறிப்புப் புத்தகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு.
"வேன் வேகமா வந்திச்சி.
மகள் பாத்ததுதானே?"

பார்த்தது சில்லு.
பார்த்தது செருப்பு.
மிச்சமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடந்தது.

ஆட்சேபனை என்று எழலாமென்றால்
ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.
நனையத் தொடங்கிய தாளில்
பேனா காத்திருந்தது,
என் ஒரு 'ஆம்'முக்கு.