முன்பாதி

எங்கள் குடும்பப் பெயர் ஹில்.
மிச்சிகனின் வடகோடியில், தாமிரம் தீர்ந்துபோன ஊரில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
ஹில் என்றால் மேடு.
எந்த மேடு என்று நாற்பத்தாறு வயதுவரை கேட்டதில்லை.

ஒன்று மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்:
அப்பாவின் தாத்தாவைக் கட்டிக்கொள்வதற்கு முன்
லெம்பிக்கு வேறொரு கணவன் இருந்தான்,
வேலைநிறுத்த வருடத்தில் செத்துப்போனான்.
மே மாதக் கடைசியில், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில்,
இடுகாட்டு வேலியோரம்
கல் நடாத ஒரு துண்டுத் தரையில்
அப்பா லைலாக் கொத்து வைப்பார்.
எங்கள் குளிருக்கு அது அப்போது வெறும் மொட்டு.
யாருக்கு என்றால், லெம்பியின் முதல் ஆளுக்கு.
அவ்வளவுதான் பேச்சு.
பிறகு காரில் உட்கார்ந்து பேஸ்டி தின்போம்.

அந்த முதல் ஆளைத் தேடித்தான் போனேன்.
ஆவணக் காப்பகம் வியாழன் மட்டும் திறக்கும்.
ட்ரெதெவி அம்மாள் கையுறை மாட்டிக்கொண்டு
பேரேடுகளைத் தூக்கிவந்து வைப்பாள்,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல.

சங்கத்தின் கணக்கில்:
தாவெத்தி ஹவுத்தமாகி, மரணம்.
மனைவி லெம்பிக்கு ஈமச்செலவு, நாற்பது டாலர்.
தேவாலயப் பதிவில், நான்கு மாதம் கழித்து:
லெம்பி, விதவை. மணமகன் டேவிட் ஹில்.
இறப்புப் பதிவேட்டில் ஒன்றுமில்லை.
மருத்துவர் எழுதவில்லை.
பெட்டி செய்தவன் பில் போடவில்லை.
இப்படி ஒரு சாவா?

ஐந்தாவது வியாழன், சுரங்கக் கம்பெனியின் ஆள்கணக்கு.
தாவெத்தி, ஊர் இல்மாயோகி, பின்லாந்து.
கண் சாம்பல் நிறம். இடது கையில்
சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை,
நம் சுரங்கத்தில், நான்காம் மட்டத்தில் போனவை.
அடியில் சிவப்பு மை:
கிளர்ச்சிக்காரன். இனி எங்கும் வேலை தரக்கூடாது.

பதினோரு மைல் தள்ளி இன்னொரு சுரங்கம், மறு வருடம்.
டேவிட் ஹில். கண் சாம்பல் நிறம்.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
பிறவியிலேயே அப்படி என்கிறான்.

ட்ரெதெவி அம்மாள் சிரித்த சிரிப்பில்
மூக்குக்கண்ணாடி பேரேட்டின் மேல் விழுந்தது.
உயிரோடிருக்கும் புருஷனுக்குக் கருமாதிக் காசு வாங்கி
அவனையே மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறாள்,
மோதிரம் போட விரலில்லாத கையை
பாதிரியார் முன்னால் பிடித்துக்கொண்டு.
நானும் சிரித்தேன்.
அந்த நாற்பது டாலர், பட்டினி கிடந்தவர்கள்
சில்லறை சில்லறையாகப் போட்டது என்று
அடுத்த பக்கத்தில் படிக்கும்வரை.
நாலணா, மூன்றணா மாதிரி தொகைகள்.
எதிரே கைநாட்டுகள்.

வீட்டுக்கு வந்து அகராதி பார்த்தேன்.
ஹவுத்தா என்றால் குழி, பிணம் புதைக்கிற குழி.
மாகி, மேடு.
புதைமேட்டுக்காரன் முன்பாதியைக் கழற்றிப் போட்டுவிட்டு
மேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு
வேலை கேட்டு நடந்திருக்கிறான்.
துறைமுகத்து எழுத்தன் எவனோ
கேட்கத் தெரியாமல் மாற்றிவிட்டான் என்று
நாங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய்.
அந்த எழுத்தனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்,
அப்படி ஒருவன் இருந்தானோ என்னவோ.

அப்பாவிடம் சொன்னேன். காலுறையை மாட்டியபடியே கேட்டார்.
வெகுநேரம் கழித்து,
"நாற்பது டாலருக்கு இன்றைக்கு வட்டி எவ்வளவு ஆகும்?"
என்னிடம் கணக்கு இல்லை.

இந்த மே மாதமும் போனோம்.
போகத் தேவையில்லை என்று இருவருக்கும் தெரியும்.
வேலியோரத் தரை அப்படியே இருந்தது,
ஓரத்தில் அழுக்குப் பனி கொஞ்சம்.
அப்பா கொத்தைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.
பிறகு வைத்தார்.

அந்தப் பெயரில் நிஜமாகவே செத்தவை
இரண்டு விரல்கள்.
நான்காம் மட்டம் இப்போது தண்ணீருக்குள்.