மூன்று சதவீதம்

பிர்னோ நகரத்து டிராம் பணிமனையில்
இரவுப் பணிக்கு வந்த த்ரஹோமீரா
திரையைத் திறந்தாள்.
நீலம் போய் வெள்ளை.
தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி
மூலையெல்லாம் மழுங்கி.
நடுவில் ஒரு பலூன்:
"வணக்கம் த்ரஹோமீரா!
உங்களுக்காகவே மாற்றியிருக்கிறோம்."

யார் கேட்டது?

எஃப்-ஒன்பதைத் தட்டினாள்.
பதினொரு வருஷமாய் அதைத் தட்டினால்
தெருவில் ஓடும் வண்டிகள் அத்தனையும்
ஒரே பட்டியலாய் வந்து நிற்கும்.
இப்போது அது குற்றியலுகரம்;
அரைச் சத்தத்தோடு சரி.
பல் பிடுங்கிய இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி
விரல் அங்கேயே போய்ப் போய் வந்தது.

பட்டியலைப் பிடிக்க ஏழு சொடுக்கு.
கிடக்கட்டும்.
இதைவிட மோசமானவற்றோடெல்லாம்
மனிதர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

ஆனால் வண்டி எண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு கட்டம் இருந்ததே,
தலைப்புகூட இல்லாத ஒல்லிக் கட்டம்,
அதில்தான் எழுதி வைத்திருந்தாள்:

1743: உறைபனியில் இரண்டாம் கதவு ஒட்டும்.
உதைக்காதே, தோளால் தள்ளு.
1809: மணற்பெட்டி முள் பொய் சொல்லும். பாதிதான் இருக்கும்.
லியோஷ் ஓட்டினால் 2.40க்குப் பத்து நிமிடம் விடு. ஊசி போடணும்.
செவ்வாய் கடைசி வண்டி, கல்லறை நிறுத்தம்:
பச்சைத் தொப்பி அம்மாள் மெதுவாகத்தான் வருவார். நில்.

தொலைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.
தொலைந்தால் வெற்றிடமாவது மிஞ்சும்.
இங்கே இரண்டு பக்கமும் நகர்ந்து வந்து
ஒட்டிக்கொண்டுவிட்டது.

புகார் எழுதினாள்.
நான்கே நிமிடத்தில் பதில்:
"உங்கள் கருத்து எங்களுக்குப் பொன்.
அந்த வசதியைப் பயன்படுத்தியோர்
மூன்று சதவீதம் மட்டுமே."
இரண்டு பணிமனையிலும் சேர்த்து அறுபத்தாறு பேர்.
காகிதத்தில் போட்டுப் பார்த்தாள்:
ஒன்று புள்ளி ஒன்பது எட்டு.
முழுசாய் இரண்டு பேர்கூட இல்லை.
ஒருத்தி நான்.
கொஞ்சம் குறைகிற அந்த இன்னொருவர் யார்?

நவம்பரில் மைனஸ் ஒன்பது.
அன்று அவளுக்கு விடுமுறை.
புதிதாய் வந்த அல்ஷ்பியேதா
1743-இன் இரண்டாம் கதவை உதைத்தாள்.
கண்ணாடி உடைந்தது.
இருபத்தாறு பேர் பனியில் நடந்து போனார்கள்.

மறுநாள் இரவு முழுக்க
எழுத ஓர் இடம் தேடினாள்.
தேர்ந்தெடு, தேர்ந்தெடு, தேர்ந்தெடு.
எந்தப் பக்கமும் எழுது என்று சொல்லவில்லை.
கடைசியில், சுயவிவரத்தின் அடியில்,
"உங்களை எப்படி அழைக்கலாம்?"

எழுதினாள்.

"காலை வணக்கம், 1743 தோளால் தள்ளு!
உங்கள் நாள் இனிதாகட்டும்!"
பலூன் ஆடியது.
மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்,
மூக்கிலிருந்து தேநீர் வரும்படி.
பணியில் இருப்பவர் பெயர்
எல்லாத் திரைகளிலும் மேல்மூலையில் தெரியும்.
அதை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை.

மூன்றேகால் மணி இருக்கும்.
மற்றப் பணிமனையில் ஒரு பச்சைப் புள்ளி.
ஸ்பினேக் என்று இருந்த பெயர்
கண்ணெதிரே மாறியது:
"1809 முள் பொய்."

அவனை அவள் பார்த்ததே இல்லை.
தான் எழுதியதை
ஒருவன் படித்துக்கொண்டிருந்தான் என்பதும்
இப்போதுதான் தெரிகிறது.

செவ்வாய் இரவு அவள் பெயரை மாற்றப் போகுமுன்
அவன் ஏற்கெனவே
"பச்சைத் தொப்பி, நில்" ஆகியிருந்தான்.

லியோஷின் ஊசிதான் சிக்கல்.
ஒரு பெயருக்கு இருபத்து நான்கு எழுத்துதான் கொள்ளும்.
நெடுநேரம் இருவர் பெயரும் அசையவில்லை.
பிறகு அவன்,
"லியோஷுக்கு 2.40க்கு"

அவள்,
"பத்து நிமிடம் விடு."