அண்டைக்கல்

புளியரை தாண்டி இரண்டாவது வளைவில்
ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது.
"கல்லு போடுலே" என்றார் மாசானம்.
குதித்தேன்.
பின்சக்கரத்துக்கு அண்டையாக
தேங்காய்ப் பருமனில் ஒரு கருங்கல்.

புனலூருக்குப் போகிற எம்-சாண்ட், வண்டியோடு இருபத்தெட்டு டன்.
ஒத்தக் கல் எப்படித் தாங்கும் என்று கேட்பார்கள்.
தாங்குவது சாலை.
பாரத்தில் பெரும்பங்கைக் கீழிருந்து அதுவே ஏந்திக்கொள்கிறது.
சரிவு தன் பக்கம் இழுக்கிற மிச்சத்தை மட்டும்
கைப்பிரேக்கும் கல்லும் பங்கு போட்டுக்கொள்கின்றன.
பதினொன்றாம் வகுப்பில் நான் கோட்டைவிட்ட பாடம் இது.
கரும்பலகையில் அது வெறும் முக்கோணம்;
டீசல் வாடை கிடையாது.

ஓடைத் தண்ணீர் நாலு கேன்.
கோட்டைவாசல் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நிற்க
இந்தப் பக்கம் காற்று மட்டும்.
மாசானம் முதல் கியரைப் போட்டார்.
சக்கரம் சாலையைப் பின்னால் தள்ள
சாலை வண்டியை முன்னால் தள்ளியது.
ஓடி ஏறினேன்.
கல்லை எடுக்கவில்லை.

எடுத்திருக்கலாம்.
இரண்டே எட்டு.

மேலேயிருந்து ஒரு பைக் இறங்கி வந்தது,
எங்களை உரசாத குறையாய்க் கடந்து
வளைவை மிச்சம் பிடிக்க எங்கள் பக்கம் சாய்ந்தது.
மற்றதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பைக் நின்றது.
அவர் நிற்கவில்லை.
நிற்கச் சொல்லி அவர் உடம்பைத் தொட்டு
எதுவும் தடுக்கவில்லை. அதனால் போய்க்கொண்டிருந்தார்,
அதே வேகம், அதே திசை.
சாலை மட்டும் வளைந்துகொண்டது.
பூமி ஒரு கணமும் விடாமல்
அவரைக் கீழே கூப்பிட்டபடி இருந்தது.

பை பிய்ந்து லாட்டரிச் சீட்டுகள்.
ஆள் விழுந்து முடித்த பின்னும்
அவை விழுந்துகொண்டிருந்தன,
காற்றோடு பேரம் பேசி,
புரண்டு,
மனசு மாறி,
மறுபடி இறங்கி.

செங்கோட்டைக்காரர். மசூது என்று பெயர்.
இடது தோளெலும்பு சட்டைக்குள் வேறு இடத்தில் இருந்தது.
"கல்லு எவன் போட்டது?"
"மேலேர்ந்து உருண்டிருக்கும் அண்ணாச்சி" என்றேன்.
மாசானம் மலையை அண்ணாந்து பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
அது ஒரு மண்கட்டியைக்கூட உதிர்க்கவில்லை.

சீட்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் கொடுத்தேன்.
ஒற்றைக் கையால் எண்ணிப் பார்த்துவிட்டு
"நல்ல பையன்" என்றார்.
ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம்.

அந்தக் கல் இப்போது கேபினில் கிடக்கிறது,
என் இருக்கைக்குக் கீழே, சாக்குத் துண்டின்மேல்.
எங்கே நிறுத்தினாலும் அதுதான் இறங்கும்,
அதுதான் முதலில் ஏறும்.
மாசானம் ஒன்றும் கேட்டதில்லை.

சீராக ஓடுகிறவரை சத்தமில்லை.
பிரேக் மிதித்தால்தான்
வண்டி நின்றது தெரியாத மாதிரி
உருண்டு வந்து என் குதிகாலில் இடிக்கிறது.
அது என்னை எவ்வளவு இடிக்கிறதோ
அவ்வளவு நானும் அதை இடிக்கிறேன் என்பது கணக்கு.
கணக்கு சரிதான்.
கால் என்னுடையது.

ஆரியங்காவு வந்துவிட்டது.
இனி தென்மலை வரைக்கும்
இறக்கம்.