சாம்பல் மாதிரி

முதலில் கதவை அளந்தோம்.
எழுபத்தெட்டு சென்டிமீட்டர்.
இயந்திரத்தின் பெட்டி தொண்ணூற்றொன்று என்று
கையேட்டின் கடைசிப் பக்கத்தில்
எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.
"சுவரை இடித்துக்கொள்ளலாம்" என்றான் டாங்கோ,
கடன் கைக்கு வராத மனிதன்
பேசுகிற தாராளத்தோடு.

புன்டா அரேனாஸில் பெயர்ப்பலகைக் கடை வைத்தால்
ஒவ்வொரு வேலைக்கும் வாடிக்கையாளர் இருவர்.
ஒருவர் காசு கொடுப்பவர்.
மற்றது காற்று.
காற்று இதுவரை எதிலும் திருப்தி அடைந்ததில்லை.
போன நவம்பரில் மீன் ஆலைக்குக் கட்டிய பேனரை
வளையங்களோடு பிடுங்கிக்கொண்டு
நீரிணையைத் தாண்டிப் போனது.
எங்கே விரித்துப் படித்ததோ.

வெயிலும் அப்படித்தான்.
ஈரத் துணி உலர்த்தத் துப்பில்லாத வெயில்
சிவப்பை மட்டும் ஒரே கோடையில் தின்றுவிடும்,
அப்புறம் மஞ்சளை.
எங்கள் தெருவில்
கசாப்புக் கடைப் பலகையில் தொங்குவது
நீல மாட்டின் நீலத் தொடை.

அதனால் மார்ச்சில்
மூன்று துண்டுகளை வேலியில் அறைந்தோம்:
கரைப்பான் மை,
லேடெக்ஸ் மை,
விளக்கொளி பட்டு உறைகிற மை.
பின்பக்கம் பேனாவால் பெயர் குறித்தது டாங்கோ.
அக்டோபரில் கழற்றியபோது
ஒன்று வெளுத்திருந்தது, ஒன்று உரிந்திருந்தது,
ஒன்று அப்படியே இருந்தது.
பெயர்கள்தான் மூன்றிலும் அழிந்திருந்தன.
ஒன்று பிழைத்தது தெரிந்தது.
பிழைத்தது எது என்று தெரியவில்லை.

நான் சிரித்தேன்.
அவன் இரண்டு நாள் பேசவில்லை.

சந்தியாகோவிலிருந்து விற்பனையாளர்கள் வந்தார்கள்.
எல்லோருடைய குழாய்க்குள்ளும் ஒரே கிளி.
பச்சை இறக்கை, சிவப்பு மூக்கு,
கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம்.
கிளியை அழகாக அச்சிடாத இயந்திரம்
உலகத்தில் இல்லை போலிருக்கிறது.
குவாஹார்தோ என்பவர் நல்லவர்,
பொய் சொல்லும்போது கண்ணாடியைத் துடைப்பார்.
"மாதம் எத்தனை சதுர மீட்டர் ஓட்டுவீர்கள்?"
டாங்கோ நானூறு என்றான்.
ரசீதுக் கட்டை நான் வைத்திருந்தேன்:
பெங்குவின் படகுச் சவாரி, டயர் கடை,
"கடன் கிடையாது",
காணாமல் போன நாய்க்கு ஒரு பேனர்.
நூற்றி முப்பது.
விரலுக்குத் தக்க வீக்கம் என்றேன்.
குவாஹார்தோ கண்ணாடியைத் துடைத்தார்.

ரொசாவுரா எதுவும் சொல்லவில்லை.
கரைப்பான் மாதிரிகளை மேசையில் விரித்தால் மட்டும்
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.
காற்று உள்ளே வந்து
விலைப்புள்ளிகளையெல்லாம் கூரைக்கு அனுப்பியது.
அவளுக்கு நாலாம் மாதம்.
அன்றே அந்த வரியை அடித்தேன்.

மிச்சம் இருந்தவற்றுக்கு
ஒரு புகைப்படம் அனுப்பினோம், கிளிக்குப் பதிலாக.
ஜூன் மாதம், மாலை நாலு மணி,
கடற்கரைச் சாலையிலிருந்து நான் எடுத்தது.
கீழே சாம்பல், மேலே சாம்பல்,
நடுவில் ஒரு கோடு,
அதுவும் இருக்கிறதா என்று சந்தேகம்.
சாம்பலை யாரும் கேட்பதில்லையே, அம்மா, என்றார்கள்.

முதல் தாளில் கடல் வெட்கப்பட்டதுபோல்
இளஞ்சிவப்பேறியிருந்தது.
இரண்டாவதில் வானம் வேகவைத்த கீரை.
மூன்றாவது,
ஓசோர்னோவில் மூடிய கடையொன்றின் பழைய லேடெக்ஸ்,
மின்சாரத்தைக் குடம் குடமாகக் குடிக்கும் என்று
விற்பவரே ஒப்புக்கொண்டது,
அதன் தாளை டாங்கோ வெகுநேரம் பிடித்திருந்தான்.
"இது வியாழக்கிழமை" என்றான்.
கைபேசியில் தேதியைப் பார்த்தேன்.
வியாழன்தான்.

டிசம்பரில் சுவரை இடித்தோம்.
முதல் வேலை மெத்தைக் கடைக்கு,
ஆறு மீட்டர்,
மஞ்சளில் சிவப்பாக "எல்லாம் போகட்டும்".
அதில் சாம்பல் ஒரு துளி இல்லை.

கொத்தனார் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்,
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
ஓட்டையை அந்தக் கடல் தாளால் மூடி
நாலு பக்கமும் ஆணி அடித்திருக்கிறோம்.
இரவெல்லாம் உப்புகிறது, தாழ்கிறது.
ரொசாவுரா அதன் மூலையில்
என்ன மை, என்ன தேதி என்று எழுதி வைத்தாள்,
முன்பக்கம்,
ஆணியால் கீறி.

தவணை ஐந்தாம் தேதி.